மூன்று நூல் இடைவெளி: தேனீப் பெட்டி தேர்ந்தெடுத்த அனுபவம்

தேனீ வளர்க்க விரும்புகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, எந்தப் பெட்டியில் தேன் அதிகம் கிடைக்கும் என்பதுதான். நானும் அதையே கேட்டேன். மூன்று ஆண்டுகளில் இரண்டு வகைப் பெட்டிகளை என் கையாலேயே செய்து, ஒன்றில் குடியிருந்த கூட்டத்தை மற்றொன்றுக்கு மாற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கச் செய்த அறைகளில் இரண்டை உளி கொண்டு திருத்திய பிறகு, அது பெட்டியிடம் கேட்கவேண்டிய கேள்வி அல்ல என்று உறுதியாகச் சொல்வேன். தேனின் அளவைச் சுற்றுப்புறத்தில் பூக்கும் மரஞ்செடிகளும், பருவமும், கூட்டத்தின் வலுவும், இராணியின் வயதுமே முடிவு செய்கின்றன. கூட்டைத் திறந்தாக வேண்டிய நாளில் அதைத் திறக்க நம் முதுகும் கையும் மனமும் இடங்கொடுக்குமா என்பதைத்தான் பெட்டியின் வகை முடிவு செய்கிறது.

தேனீக்கள் இதில் பெரிதாகப் பிடிவாதம் பிடிப்பதில்லை. அமெரிக்க உயிரியலாளர் தாமஸ் சீலி, புதுக் கூடு தேடும் திரள்கள் எத்தகைய பொந்தை விரும்புகின்றன என்று ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 40 லிட்டர் கொள்ளளவும், சுமார் 15 சதுர சென்டிமீட்டர் மட்டுமே உள்ள சிறிய வாயிலும், அந்த வாயில் பொந்தின் அடிப்பகுதியில் இருப்பதும் அவற்றுக்கு உவப்பானவை என்று கண்டார். அடையைத் தாங்கும் மரச்சட்டங்கள் பத்து கொண்ட, பின்னால் நான் விவரிக்கும் லாங்ஸ்ட்ராத் வகைப் பெட்டியின் முழு உயர அறை ஒன்றின் உள்ளளவுகளைப் பெருக்கிப் பார்த்தால் 42 லிட்டரை ஒட்டி வருகிறது. மரப்பொந்தோ பெட்டியோ, இருளும் போதிய இடமும் காக்கத்தக்க வாயிலும் இருந்தால் அவை அடை கட்டத் தொடங்கிவிடும். அந்த அடையைக் கெடுக்காமல் வெளியே எடுத்துப் பார்த்துத் திரும்ப வைப்பது நம்முடைய தேவை. பெட்டி வகைகளின் வரலாறு முழுவதும் அந்த ஒரு தேவையைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது.

வகையைப் பற்றிப் பேசும் முன் எந்தத் தேனீ என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டுபவை. அவற்றுக்குப் பெட்டி பொருந்தாது. கொசுத்தேனீக்குச் சிறிய பெட்டியோ பானையோ போதும். இருண்ட பொந்துக்குள் பல அடைகளை அடுக்கடுக்காகக் கட்டும் இந்தியத் தேனீயும், இத்தாலியத் தேனீ என்று நாம் அழைக்கும் மெலிஃபெராவும்தான் சட்டப் பெட்டிகளுக்கு உரியவை. இவற்றுள்ளும் இந்தியத் தேனீ உருவில் சிறியது; அடைக்கு அடை அது விடும் இடைவெளியும் குறைவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதிரியார் நியூட்டன் அதற்கென்றே ஏழு சட்டங்கள் கொண்ட சிறிய பெட்டியை வடிவமைத்ததற்குக் காரணம் இதுதான். நான் வளர்ப்பது மெலிஃபெரா. ஆகவே இப்பதிவில் உள்ள அளவுகள் எல்லாம் அதற்குரியவை. இந்தியத் தேனீ வளர்ப்பவர்கள் இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் நான் செய்தது மேற்கட்டைப் பெட்டி. 1970-களில் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் கென்யாவுக்காக உருவாக்கிய வடிவம் அது. தொட்டி போல நீளவாக்கில் படுத்திருக்கும். பக்கச் சுவர்கள் கீழே குறுகிச் சரிந்திருக்கும். மேலே மரக்கட்டைகள் இடைவெளியின்றி நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டையின் அடியிலிருந்தும் ஓர் அடை தொங்கும். சட்டம் இல்லை, அடை கட்ட அடித்தளமாக வைக்கும் மெழுகுத்தாள் இல்லை, தேன் எடுக்கும் கருவியும் வேண்டியதில்லை. என்னிடம் அப்போது ஒரு கைவாள், ஓர் இழைப்புளி, ஒரு மூலைமட்டம் ஆகிய மூன்றே கருவிகள் இருந்தன. அவற்றைக் கொண்டு செய்யக்கூடியது இது ஒன்றே என்று தோன்றியது.

இந்தப் பெட்டியில் துல்லியம் வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான்: மேற்கட்டையின் அகலம். அது 35 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். அங்குலத்துக்கு எட்டு நூல் என்ற தச்சர் கணக்கில் ஓர் அங்குலமும் மூன்று நூலும். நான் 28 கட்டைகள் அறுத்தேன். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் கூடிவிட்டால் கடைசிக் கட்டையில் 14 மில்லிமீட்டர் விலகிவிடும் என்பதை அறுக்கும்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. தேனீக்கள் தம் கணக்கில் வழுவாமல் அடை கட்டிக்கொண்டே போக, நடுவைத் தாண்டிய பிறகு அடைகள் கட்டையின் மையத்தை விட்டு விலகி, இரண்டு கட்டைகளை இணைத்து வளைந்துவிட்டன. ஒரு கட்டையை எடுத்தால் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து வந்தது. விலகல் தொடங்கிய இடத்திலேயே வளைந்த அடையை மெல்ல நிமிர்த்தி, கட்டைகளை இழைத்து அகலம் குறைத்து, அடிப்பக்க மையத்தில் முக்கோண விளிம்பு ஒட்டி அதன்மேல் மெழுகு தேய்த்த பிறகுதான் அடைகள் நேராக வந்தன. இரண்டாவது தவறு, கட்டைகளின் நீளத்தை 430 மில்லிமீட்டராக வைத்தது. 483 மில்லிமீட்டராக வைத்திருந்தால் பின்னாளில் அவை லாங்ஸ்ட்ராத் அறையிலும் அமர்ந்திருக்கும். மேற்கட்டைப் பெட்டிதான் வேண்டும் என்று முடிவெடுத்தவர்களுக்கும் இந்த நீளத்தையே நான் பரிந்துரைப்பேன்; மனம் மாறினால் அன்றைக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.

அந்தப் பெட்டியின் நன்மைகளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இடுப்பு உயரத்தில் தாங்கிக்கால்கள் மேல் நின்றது. எதையும் தூக்க வேண்டியதில்லை. ஒரு கட்டையை எடுத்தால் ஓர் அடை அளவுக்கே கூடு திறக்கிறது. மற்றவை மூடியபடியே இருப்பதால் புகை அதிகம் வேண்டாம், தேனீக்களும் சீறுவதில்லை. தேனீக்களோடு பழகுவதற்கும், அடையில் முட்டை எது, புழு எது, மூடிய கூட்டுப்புழு எது என்று கண் பழகுவதற்கும் அதைவிட நிதானமான இடம் எனக்குக் கிடைத்திருக்காது.

ஆனால் நான்கு பக்கமும் தாங்கும் சட்டம் இல்லாத அடை மேலிருந்து மட்டுமே தொங்குகிறது. ஒரு வெயில் நாளில், புதிதாகக் கட்டிய வெள்ளை அடையில் முட்டைகள் தெரிகின்றனவா என்று பார்க்க, வெளிச்சத்துக்காக அதைச் சற்றுப் படுக்கையாகச் சாய்த்தேன். கட்டையோடு ஒட்டியிருந்த இடத்தில் அடை அப்படியே விட்டுவிட்டது. தேனும் புழுவும் தேனீக்களுமாகத் தரையில் விழுந்தது. மெழுகு உருகுவது 62 பாகைக்கு மேல் என்றாலும், அதற்கு வெகு முன்பே அது இளகிவிடும். பாரம் ஏறிய புது அடை அந்த இளக்கத்தைத் தாங்காது. இராணி வேறோர் அடையில் இருந்ததால் கூட்டம் பிழைத்தது. அடையின் தளம் எந்நேரமும் செங்குத்தாகவே இருக்கும்படி கட்டையின் ஒரு முனையை மேலே தூக்கி, பிறகு சுழற்றி, பிறகு கவிழ்த்துப் பார்க்கும் முறையை அன்றைக்குப் பிறகுதான் முறையாகக் கற்றுக்கொண்டேன்.

அதைவிடப் பெரிய இழப்பு அடுத்த பூக்காலத்தில் நேர்ந்தது. படுக்கைப் பெட்டியில் தேன் வரத்து மிகும்போது புழு அடைகளின் ஓரத்தைத் தேன் அடைகள் அடைத்துக்கொள்கின்றன. இராணிக்கு முட்டையிட இடம் குறைகிறது. கூட்டம் பிரிந்து போக ஆயத்தமாகிறது. முட்டையிட்டதிலிருந்து எட்டு ஒன்பது நாட்களில், புது இராணி வளரும் அடைச் சிற்றறை மூடப்பட்டுவிடும். பெரும்பாலும் அதையொட்டியே பழைய இராணி பாதிக் கூட்டத்தோடு வெளியேறிவிடும். ஆகவே பூக்காலத்தில் ஏழு நாட்களுக்கு ஒருமுறை திறந்து, புழு அடைகளுக்கிடையே வெறுங்கட்டைகளை நுழைத்து இடம் உண்டாக்க வேண்டும். நான் பன்னிரண்டாம் நாள் போனேன். பாதிக் கூட்டம் போயிருந்தது. செங்குத்துப் பெட்டியிலும் கூட்டம் பிரியும் என்பது உண்மைதான். ஆனால் அதில் மேலே ஓர் அறையை ஏற்றி வைத்துச் சில நாட்கள் மூச்சுவிடலாம். மேற்கட்டைப் பெட்டியின் நீளம் செய்த அன்றைக்கே முடிந்துவிட்டது. அதை வளர்க்க முடியாது. வாரந்தோறும் தவறாமல் நேரம் ஒதுக்க முடிகிறவருக்கு அது நல்ல பெட்டி. எனக்கு அந்த ஒழுங்கு வாய்க்கவில்லை.

வேறு வகை தேடியபோது, பிரான்ஸைச் சேர்ந்த பாதிரியார் எமில் வாரே வடிவமைத்த பெட்டியையும் சில வாரங்கள் தீவிரமாகக் கருத்தில் வைத்திருந்தேன். உள்ளளவு 300 மில்லிமீட்டர் சதுரம், உயரம் 210, அறைக்கு எட்டுக் கட்டைகள். அளவு சிறியது, செய்வது எளிது. ஆனால் அதில் புதிய அறையைக் கீழே சேர்க்கவேண்டும். அதாவது தேன் நிறைந்த மேலறைகள் அனைத்தையும் ஒருசேரத் தூக்கிப் பிடித்திருக்க, அடியில் வெற்றறையை நுழைக்கவேண்டும். தனியாக வேலை செய்கிறவருக்கு அது தூக்கு இயந்திரம் இல்லாமல் ஆகாது. அதன் அடைகள் பொதுவாகச் சுவரோடு ஒட்டியே கட்டப்படுவதால், நோய்க்காக ஒவ்வோர் அடையாக எடுத்துப் பார்ப்பதும் கடினம். வர்ரோவா உண்ணியும் புழு அழுகல் நோயும் உள்ள காலத்தில் அடையைப் பார்க்க முடியாத பெட்டியை வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. எடுத்துப் பார்க்கத்தக்க அடைகளே இருக்கவேண்டும் என்று அரசுச் சட்டமே விதித்திருக்கும் இடங்களும் உலகில் உண்டு.

ஆக, கடைசியில் நான் வந்து நின்றது லாங்ஸ்ட்ராத் பெட்டியிடம். அமெரிக்கப் போதகரான லொரென்ஸோ லாங்ஸ்ட்ராத் 1852-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற அந்தப் பெட்டியின் உயிர்நாடி மரத்தில் இல்லை, வெற்றிடத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 6 மில்லிமீட்டருக்குக் குறைவான சந்து இருந்தால் தேனீக்கள் அதைப் பிசின் வைத்து அடைத்துவிடும். 9 மில்லிமீட்டரை வெகுவாகத் தாண்டினால் அங்கே அடை கட்டிவிடும். இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மட்டும் தாம் நடமாடும் வழியாக விட்டுவைக்கும். இதைத்தான் தேனீ இடைவெளி என்கிறோம். நம் தச்சுக் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல் என்பதால், அது இரண்டு நூலிலிருந்து மூன்று நூல் வரை. சட்டத்தின் இரு பக்கமும், அடியும், மேலும், சுற்றிலும் இந்த இடைவெளி விடப்பட்டால் சட்டம் எதனோடும் ஒட்டாமல் தொங்கும். கையால் எடுக்கலாம், வைக்கலாம், ஒரு கூட்டிலிருந்து இன்னொரு கூட்டுக்கு மாற்றலாம். இந்த அளவின் அருமை புத்தகத்தில் படித்தபோது எனக்குப் புரியவில்லை. பின்னால் சொல்லப்போகும் தவறைச் செய்த பிறகுதான் புரிந்தது.

லாங்ஸ்ட்ராத்தில் எந்த அளவு என்பது அடுத்த முடிவு. முழு உயர அறையில் பத்துச் சட்டங்களும் தேனால் நிறைந்தால் எடை 40 கிலோவை எட்டும். நடுத்தர உயர அறையில் பத்துச் சட்டம் என்றால் சுமார் 27 கிலோ. அதே உயரத்தில் எட்டுச் சட்டம் என்றால் சுமார் 22 கிலோ. எண்களைப் படித்து முடிவெடுக்காமல், ஒரு மரப்பெட்டியில் மணலை நிறுத்துக் கொட்டி, முழங்கால் உயரத்திலிருந்து மார்பு உயரத்துக்கு ஏற்றி, பத்தடி நடந்து, மெதுவாக இறக்கிப் பார்த்தேன். 40 கிலோவை ஒருமுறை தூக்கினேன். குலுக்காமல் இறக்க முடியவில்லை. குலுங்கினால் தேனீக்கள் என்ன செய்யும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. 22 கிலோவை ஐந்து முறை தூக்கி இறக்கியும் கை நடுங்கவில்லை. பெட்டி வாங்கவோ செய்யவோ போகிறவர்கள் எல்லோரும் இந்த மணல் சோதனையை ஒருமுறையேனும் செய்யவேண்டும் என்பது என் உறுதியான வேண்டுகோள். புழு அறைக்கு ஓர் உயரம், தேன் அறைக்கு வேறோர் உயரம் என்று வைக்காமல், எல்லாமே எட்டுச் சட்ட நடுத்தர அறைகள் என்று முடிவு செய்தேன். இதற்கு விலை உண்டு: பத்துச் சட்ட முழு உயர அறைகள் இரண்டில் 20 சட்டங்கள் போதும் என்றால், அதே அடைப்பரப்புக்கு இதில் நான்கு அறைகளும் 32 சட்டங்களும் வேண்டும். வேலை கூடியது. ஆனால் எந்தச் சட்டமும் எந்த அறைக்கும் பொருந்தும் என்பதால், பஞ்ச காலத்தில் மேலுள்ள தேன் சட்டத்தை அப்படியே கீழே புழுக்களுக்கு அருகில் இறக்கி வைக்க முடிகிறது.

பலகை 19 மில்லிமீட்டர் தடிப்பு, அதாவது ஆறு நூல். அறையின் உள்நீளம் 467, உள்ளகலம் 311, உயரம் 168 மில்லிமீட்டர். நன்றாக உலர்ந்த பலகையாக இருக்கவேண்டியதன் காரணம் வெடிப்பு மட்டுமல்ல. மரம் உலரும்போது ரேகையின் நீளவாக்கில் அநேகமாகக் குறுகுவதில்லை, குறுக்குவாக்கில் குறுகும். பெட்டியில் குறுக்குவாக்கு என்பது உயரம். ஈரப் பலகையில் சரியாகச் செய்த அறை, ஓராண்டில் உயரம் குறைந்து தேனீ இடைவெளியை விழுங்கிவிடும். வெளிப்புறத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினேன். உட்புறத்தில் எதையும் பூசவில்லை, பூசவும் கூடாது. அடிப்பலகை, உள்மூடி, மேல்மூடி ஆகியவற்றில் சொல்லும்படியான சிக்கல் எதுவும் இல்லை.

கூட்டத்தை மாற்றும் வேலையைத் தேன் வரத்து உள்ள ஒரு வெதுவெதுப்பான காலைப்பொழுதில் செய்தேன். வெளியே போன தேனீக்கள் இடத்தை நினைவில் வைத்தே திரும்பும் என்பதால், பழைய பெட்டியை நகர்த்திவிட்டு அதே இடத்தில், வாயில் அதே திசையைப் பார்க்கும்படி புதிய பெட்டியை வைத்தேன். இராணியைக் கண்டுபிடித்துச் சிறு கூண்டில் அடைத்த பிறகு, புழு உள்ள அடைகளை மட்டும் கட்டையிலிருந்து அறுத்து, சட்டத்தின் உள்ளளவுக்கு வெட்டி, மேல்பக்கம் மேலாகவே இருக்கும்படி பொருத்தி, பருத்தி நூலால் கட்டினேன். அடையின் சிற்றறைகள் வாய்ப்பக்கம் சற்றே மேல்நோக்கி இருக்கும். தலைகீழாக்கினால் அந்தச் சாய்வு எதிராகிவிடும். தேன் அடைகள் பாரத்தால் நூலை அறுத்துக்கொண்டு சரியும் என்பதால் அவற்றைப் பிழிந்து வடிகட்டிவிட்டேன். ஒரு வாரத்தில் தேனீக்கள் அடைகளைச் சட்டத்தோடு ஒட்டி, தேவையற்ற நூலைக் கடித்துத் துணுக்குகளாக வாயிலுக்கு வெளியே தள்ளியிருந்தன.

இனி அந்தத் தவறு. நான்கு அறைகளையும் ஒரே நாளில் செய்யவில்லை. முதல் இரண்டை ஒரு வரைபடத்தைப் பார்த்தும், அடுத்த இரண்டைச் சில மாதங்கள் கழித்து வேறொரு வரைபடத்தைப் பார்த்தும் செய்தேன். இரண்டிலும் அறையின் உயரம் ஆறு அங்குலம் ஐந்து நூல், சட்டத்தின் உயரம் ஆறு அங்குலம் இரண்டு நூல். மிச்சம் மூன்று நூல். அந்த மூன்று நூல் எங்கே இருக்கவேண்டும் என்பதில்தான் இரண்டும் வேறுபட்டன. முதல் வரைபடத்தில் சட்டம் தொங்கும் காடியின், அதாவது பலகை விளிம்பில் வெட்டிய பள்ளத்தின், ஆழம் ஆறு நூல், அதில் அமரும் சட்டத்தின் காது, அதாவது நீண்ட மேல்முனை, மூன்று நூல் தடிப்பு என்பதால், சட்டம் விளிம்புக்கு மூன்று நூல் கீழே அமர்ந்தது, இடைவெளி மேலே. இரண்டாவது வரைபடத்தில் காடியின் ஆழம் மூன்றே நூல், சட்டம் விளிம்போடு சமமாக அமர்ந்தது, இடைவெளி கீழே. இரண்டு முறைகளும் உலகில் புழக்கத்தில் உள்ளவை, தனித்தனியே குற்றமற்றவை. நான் அவற்றைக் கலந்து அடுக்கினேன்: அடியில் முதல் வகை, நடுவில் இரண்டாம் வகை, மேலே மறுபடி முதல் வகை.

ஒரு மாதம் கழித்துத் திறந்தபோது, மேலறையைத் தூக்கினால் நடுவறையின் சட்டங்களும் பிசினில் ஒட்டிக்கொண்டு கூடவே எழுந்து வந்தன. அங்கே இடைவெளியே இல்லை. நடுவறையைத் தூக்கியபோது அதற்கு நேர்மாறு: கீழறைச் சட்டங்களுக்கும் நடுவறைச் சட்டங்களுக்கும் இடையே ஆறு நூல் வெற்றிடம், அது முழுவதும் அடை, அந்த அடை முழுவதும் ஆண் தேனீப் புழுக்கள். பெட்டியைப் பிரித்ததும் அவை கிழிந்து, வெண்புழுக்களும் தேனும் சட்டங்களின் மேல் வழிந்தன. இத்தனை உயிர்கள் என் கணக்குப் பிழையால் நசுங்கின என்பது இன்றும் உறுத்துகிறது. நெடுங்காலமாகத் தேனீ வளர்த்து வரும் பெரியவர் ஒருவரிடம் நான்கு அறைகளையும் காட்டினேன். ஒவ்வொன்றின் காடியிலும் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, தனித்தனியாப் பார்த்தா எல்லாம் சரியாத்தான் இருக்கு. அடுக்கும்போதுதான் தப்பாகுது” என்றார்.

திருத்தும் வழி எளிதுதான். இரண்டாம் வகை அறைகளின் காடியை மேலும் மூன்று நூல் ஆழப்படுத்தினால் அவையும் முதல் வகை ஆகிவிடும். நான்காவது அறை இன்னும் கூட்டில் ஏறாமல் வெறுமையாக இருந்தது. அதன் இரு முனைப் பலகைகளிலும் கோடு கிழித்து, உளியால் பொளிந்து, மட்டம் பார்த்து முடித்தேன். மாலையில் கூட்டைத் திறந்து, நடுவறையின் எட்டுச் சட்டங்களையும், அடியில் ஒட்டியிருந்த வேண்டாத அடையைச் சுரண்டிவிட்டு, வரிசை மாறாமல் அந்த அறைக்குள் இறக்கி, அதையே நடுவறையாக வைத்தேன். வெளியே வந்த அறையை மறுநாள் அதே போலத் திருத்திக்கொண்டேன். இப்போது எந்த அறையைச் செய்தாலும், சட்டத்தைத் தொங்கவிட்டு, விளிம்புக்குக் குறுக்கே மட்டப்பலகை வைத்து, மூன்று நூல் தடிப்புள்ள மரத்துண்டு அதற்கடியில் உரசாமல் நுழைகிறதா என்று பார்த்த பிறகே எண்ணெய் பூசுகிறேன். அந்தத் துண்டு கருவிப் பெட்டியில் மூலைமட்டத்தோடு சேர்த்துக் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

இருபத்தொரு நாட்கள் விட்டேன்; ஒரு பணித்தேனீ முட்டையிலிருந்து வெளிவரும் காலம் அது. பிறகு புகைப்பானை வாயிலில் இரண்டு முறை ஊதி, மேல்மூடியையும் உள்மூடியையும் நீக்கி, மேலறைக்கும் நடுவறைக்கும் இடையில் நெம்புகோலை நுழைத்துத் திருகினேன். மெல்லிய பிசின் விட்டுக்கொடுக்கும் ஒரு சிறு ஓசை மட்டுமே கேட்டது. அறை தனியாக மேலே வந்தது. நடுவறையின் எட்டுச் சட்டங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றின் மேல் மூன்று நூல் இடைவெளியில் தேனீக்கள் தடையின்றி நடந்துகொண்டிருந்தன.